பிஎஸ்பி 6.61 ஃபர்ம்வேரைக் கணினியிலேயே திறக்க முடியுமா? எழுத்துரு மட்டும் வேண்டும்

குறுவை2004 (மன்னார்குடி):

எல்லாருக்கும் வணக்கம். மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பிஎஸ்பி 2000 (சோனியின் கையடக்க கேம் கருவி) ஒன்று வீட்டில் கிடக்கிறது. கேம் ஆட இப்போது யாரும் இல்லை. அப்பா தவில் வாசிப்பவர். பழைய நாதஸ்வர ஒலிப்பதிவுகளைக் கேட்பதற்காக அதை அவர் எடுத்துக்கொண்டார். பாதித் தோடியில் போன் வந்து குறுக்கிடாது, அது போதும் என்கிறார்.

சிக்கல் என்னவென்றால், பதிவுகளுக்கெல்லாம் தமிழில் பெயர் போட்டு வைத்திருக்கிறேன். பிஎஸ்பி மெனுவில் ஒரு எழுத்தும் தெரியவில்லை, கட்டம் கட்டமாக நிற்கிறது. எது கல்யாணி, எது கரகரப்பிரியா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறார். ஆங்கிலத்தில் மாற்றித் தரவா என்று கேட்டால் வேண்டாம் என்கிறார்.

அதனால் ஃபர்ம்வேருக்குள் (மெஷினை இயக்கும் அடிப்படை மென்பொருளுக்குள்) இருக்கும் எழுத்துருவை எடுத்து, தமிழைச் சேர்த்து, திரும்ப உள்ளே வைக்கலாம் என்று நினைக்கிறேன். அதிகாரபூர்வ 6.61 அப்டேட் கோப்பு கையில் இருக்கிறது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால் முதலில் கொஞ்சம் புரிகிறது, அதற்குப் பிறகு முழுக்கக் குப்பை. ஜிப் செய்து பார்த்தேன், அளவு குறையவே இல்லை. கணினியில் லினக்ஸ் இருக்கிறது. பேட்டரி உப்பிவிட்டதால் கழற்றிவிட்டேன், இப்போதைக்குச் சார்ஜரில்தான் ஓடுகிறது. கஸ்டம் ஃபர்ம்வேர் (ஆர்வலர்கள் மாற்றியமைத்த ஃபர்ம்வேர்) எதுவும் போடவில்லை. எங்கே தொடங்குவது?

கொள்ளிடக்கரை (திருவையாறு):

ஜிப் போட்டுப் பார்த்தது நல்ல சோதனை தம்பி. சாதாரண கோப்பு என்றால் கொஞ்சமாவது சுருங்கும். சுருங்கவே இல்லை என்றால் அது ஏற்கெனவே அழுத்தப்பட்டிருக்க வேண்டும், இல்லை என்றால் குறியாக்கத்தால் பூட்டப்பட்டு, டிகிரிப்ட் செய்யப்படாமல் (பூட்டு நீக்கப்படாமல்) இருக்க வேண்டும். இதில் இரண்டும் உண்டு.

உன்னிடம் இருப்பது ஈபூட்.பிபிபி. அது ஒரு கட்டுதான். முதல் 40 பைட் தலைப்பு. அதில் நான்கு பைட் அடையாளம், நான்கு பைட் பதிப்பு எண், அப்புறம் எட்டு இடங்களின் முகவரி. அந்த எட்டில் முதலாவது பெயர் விவரம் உள்ள பாரம்.எஸ்எஃப்ஓ. அடுத்து வருபவை ஐகான் படம், அசையும் ஐகான், இரண்டு பின்னணிப் படங்கள், ஒலி. உனக்குப் புரிந்த பகுதி அதெல்லாம்தான். ஏழாவது டேட்டா.பிஎஸ்பி, அப்டேட்டை நடத்தும் நிரல். எட்டாவது டேட்டா.பிசார். உனக்கு வேண்டிய ஃபர்ம்வேர் முழுவதும் அந்தக் கடைசித் துண்டில் இருக்கிறது.

பிசாரைப் பிரித்தால் உள்ளே நூற்றுக்கணக்கான சிறு கோப்புகள். நிரல் துண்டுகள் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ‘~பிஎஸ்பி’ என்ற நான்கு எழுத்து அடையாளமும் 336 பைட் தலைப்பும் இருக்கும். அந்தத் தலைப்பில் 208ஆவது பைட்டிலிருந்து நான்கு பைட் ஒரு டேக் எண். எந்தச் சாவிக்கான விதையை எடுக்க வேண்டும் என்று அதுதான் சொல்கிறது. வங்கி லாக்கரை நினைத்துக்கொள். டேக் காட்டும் விதை நம் கையில் இருக்கும் சாவி மாதிரி. இன்னொன்று மேனேஜரிடம் இருப்பது, அது பிஎஸ்பியின் சில்லுக்குள் இருக்கும் கிர்க் என்ற குறியாக்க எந்திரத்தை விட்டு வெளியே வரவே வராது. இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

அதனால்தான் ஆரம்ப காலத்தில் கணினியில் எதுவும் செய்ய முடியவில்லை. பிசார் டம்பர் என்ற ஹோம்ப்ரூ நிரலை, அதாவது ஆர்வலர்கள் சொந்தமாக எழுதிய நிரலை, பிஎஸ்பியிலேயே ஓட்டுவார்கள். அப்டேட் கோப்பை மெமரி ஸ்டிக்கில் வைத்தால், அந்த நிரல் ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கிர்க்கிடம் கொடுத்து, திறந்ததைத் திரும்ப ஸ்டிக்கில் எழுதும். பூட்டைத் திறக்கப் பூட்டு செய்தவனின் சொந்த எந்திரத்தையே வேலை வாங்கினார்கள். 1.00 பதிப்பு கம்பெனியின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிரலையும் ஓட்டியது, 1.50இல் ஒரு தந்திரம் தேவைப்பட்டது, 2.00இல் டிஃப் படக் கோப்பு வழியாக ஓட்டை கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பதிப்பிலும் உள்ளே நுழைய ஒரு வழி கிடைத்தால்தான் அடுத்த பதிப்பைப் பிரித்துப் பார்க்க முடிந்தது.

இது மாறியது 2011இல். அதற்கு முந்தைய டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் பிஎஸ்3இன் கையொப்ப முறையில் இருந்த ஓட்டையைக் காட்டினார்கள். ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக வர வேண்டிய தற்செயல் எண்ணை எல்லாவற்றுக்கும் ஒன்றாகவே வைத்திருந்தார்கள். அதைத் தொடர்ந்த மாதங்களில் பிஎஸ்பி சாவிகளும் வெளியே வந்தன. கிர்க் செய்யும் வேலையை அப்படியே சி மொழியில் எழுதி லிப்கிர்க் என்று வெளியிட்டார்கள். பிஎஸ்பி கேமைக் கணினியில் ஓட்டும் பிபிஎஸ்எஸ்பிபி எமுலேட்டருக்குள் இருப்பதும் அதன் வாரிசுதான்.

இன்றைக்கு உனக்கு வேண்டியது ‘பிஎஸ்பிடிகிரிப்ட்’ என்ற கட்டளைவரிக் கருவி. கிட்ஹப் தளத்தில் மூலநிரல் இருக்கிறது, லினக்ஸில் மேக் (make) கட்டளை கொடுத்தால் தயாராகிவிடும். ஈபூட் கோப்பை அப்படியே கொடு, பிசாரைப் பிரித்து, உள்ளே இருப்பதை டிகிரிப்ட் செய்து, அழுத்தத்தையும் நீக்கிக் கோப்புறைகளாகப் போட்டுவிடும். பிஎஸ்பியே தேவையில்லை, பேட்டரியும் தேவையில்லை.

டிகிரிகாபி (கும்பகோணம்):

கரை அண்ணே, எழுத்துரு ஒன்றுக்காக இவ்வளவு தூரம் போகணுமா? கஸ்டம் ஃபர்ம்வேர் போட்டால் யுஎஸ்பி மெனுவில் மெமரி ஸ்டிக்குக்குப் பதில் ஃப்ளாஷ்0 (ஃபர்ம்வேர் இருக்கும் உள் நினைவகம்) என்று தேர்ந்தெடுக்கலாம். பென் டிரைவ் மாதிரி திறக்கும். ஃபான்ட் கோப்புறையை அப்படியே காப்பி பண்ணிக்கொள்ளலாம். ஃப்ளாஷில் எழுத்துருக்கள் பூட்டில்லாமல்தான் இருக்கின்றன.

கொள்ளிடக்கரை (திருவையாறு):

சரிதான். ஆனால் தம்பி மெஷினில் கஸ்டம் ஃபர்ம்வேர் இல்லை, பேட்டரியும் இல்லை. அப்புறம், ஃப்ளாஷ்0ஐ யுஎஸ்பியில் திறந்து கொடுத்தால் காப்பி மட்டும்தான் பண்ணுவார்கள் என்று யார் கண்டது?

உப்பளம் (வேதாரண்யம்):

கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். நான் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ‘ஒரு ஃபான்ட் மாற்றினேன், அப்புறம் ஆன் ஆகவில்லை’ என்று வந்தவர்கள் உண்டு. ஃப்ளாஷ்0 என்பது மெஷின் எழுந்திருக்கத் தேவையான எல்லாமும் இருக்கும் இடம். எழுத்துருவின் அளவு கொஞ்சம் கூடிவிட்டு இடம் போதாமல் கோப்பு பாதியில் நின்றாலும் போச்சு. பச்சை விளக்கு எரியும், திரை கறுப்பாகவே நிற்கும்.

தம்பி, முதலில் அந்த உப்பிய பேட்டரி. அதை மேசை டிராயரில் போட்டு வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுத்துவிடு. குத்தாதே, அழுத்தாதே, பழைய பேட்டரி எடுப்பவர்களிடம் கொடுத்துவிடு. எங்கள் பக்கம் உப்புக் காற்று, டெர்மினல் பச்சை பூத்து வருவது வழக்கம். மன்னார்குடியில் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் புது பேட்டரி போடும்முன் அந்த இடத்தைத் துடைத்துவிடு.

இன்னொன்று. அதிகாரபூர்வ அப்டேட் நிரல் பேட்டரியும் சார்ஜரும் இரண்டும் இருந்தால்தான் ஓடும். பேட்டரி போதுமான அளவு ஏறியிருக்கணும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் மெஷின் செத்துவிடும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. கஜா அடித்த 2018 நவம்பரை நினைத்தால் அதன் அருமை எங்களுக்குத் தெரியும். அதைத் தாண்டிப் போகும் குறுக்கு வழிகளை இங்கே யாராவது சொல்வார்கள், கேட்காதே.

அப்படியே செத்தாலும் 2000 மாடலில் பிழைக்க வழி உண்டு. 2007இல் பண்டோரா பேட்டரி என்று ஒன்று வந்தது. பேட்டரியின் வரிசை எண்ணை மாற்றி எழுதினால், இது கம்பெனி சர்வீஸ் பேட்டரி என்று நம்பி மெஷின் ஃப்ளாஷை விட்டுவிட்டு மெமரி ஸ்டிக்கிலிருந்து எழுந்திருக்கும். ஆனால் 2000இல் கடைசியாக வந்த டிஏ-088 மூன்றாம் பதிப்பு போர்டில் இது எடுபடாது. 3000த்திலும் எடுபடாது. அதற்குப் பின்னால் பேரியான் ஸ்வீப்பர் என்று வேறு வழி வந்தது, அது கம்பி பிடித்து வேலை செய்யத் தெரிந்தவர்களுக்கு.

அலைவாய் (நாகப்பட்டினம்):

எனக்கு ஒரு சந்தேகம். எழுத்துரு, நாதஸ்வரம் என்றெல்லாம் சொல்கிறீர்கள். கடைசியில் இந்த டிகிரிப்ட் கருவி எல்லாமே திருட்டு கேமுக்குத்தானே? நிண்டெண்டோ ஸ்விட்ச் மெஷினின் சாவிகளை எடுக்கும் கருவியை 2023இல் கிட்ஹப்பிலிருந்து தூக்க வைத்தார்கள். அதற்கடுத்த வருடம் யூசு எமுலேட்டர்காரர்கள் 24 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். நம் மன்றத்துக்கு எதற்கு வம்பு?

மட்டுறுத்துநர்:

நினைவூட்டல்: ஃபர்ம்வேர் கோப்புக்கான இணைப்பு, சாவிகள், கேம் கோப்புகள் எதையும் இங்கே ஒட்டக் கூடாது. கருவிகளின் பெயர், வேலை செய்யும் விதம் பேசலாம். அலைவாய் கேட்டது நியாயமான கேள்வி, கிண்டல் செய்யாமல் பதில் சொல்லுங்கள்.

வழக்குக்கட்டு (தஞ்சாவூர்):

கிண்டல் இல்லை, பதில் சொல்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டும் அமெரிக்கச் சட்டத்தின் கீழ் நடந்தவை. அங்கே பூட்டை உடைப்பதே தனிக் குற்றம், எதற்காக உடைத்தாய் என்பது பெரும்பாலும் இரண்டாம் கேள்வி. நம் ஊரில் பதிப்புரிமைச் சட்டம் 1957, அதில் 2012 திருத்தத்தில் 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டைத் தாண்டினால்தான் குற்றம், இரண்டு வருடம் வரை சிறையும் அபராதமும். சட்டம் தடுக்காத ஒரு காரியத்துக்காகத் தாண்டினால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று அதிலேயே விலக்கும் இருக்கிறது.

அதோடு 52ஆம் பிரிவில், முறையாக ஒரு நிரலை வைத்திருப்பவர், தானாக எழுதிய வேறொரு நிரல் அதனோடு சேர்ந்து வேலை செய்யத் தேவையான தகவலைப் பெறச் செய்யும் காரியம் மீறல் ஆகாது என்று இருக்கிறது. அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்கக் கூடாது என்பது நிபந்தனை. தம்பி கேட்பது இதற்குப் பக்கத்தில் வருகிறது. பிரித்த கோப்புகளை மற்றவர்களுக்குக் கொடுத்தால் கதை வேறு.

உப்பளம் சாருக்கு ஒரு வரி. அந்த விலக்கிலேயே ஒரு நிபந்தனை உண்டு. அடுத்தவருக்காகப் பூட்டைத் தாண்ட உதவுகிறவர், அவருடைய பெயர், முகவரி, என்ன நோக்கம் என்பதை முழுமையாகப் பதிவு செய்து வைத்திருக்க வேண்டும். சர்வீஸ் கடைகளில் அப்படி ஒரு நோட்டை நான் பார்த்ததில்லை. இது பொதுத் தகவல்தான், வழக்கு என்று வந்தால் முறையாக ஒருவரைப் பாருங்கள்.

உப்பளம் (வேதாரண்யம்):

நோட்டு இன்றைக்கே வாங்கிவிடுகிறேன் சார். இதுவரை ரசீதுப் புத்தகம்தான் ஓடுகிறது.

அலைவாய் (நாகப்பட்டினம்):

நோக்கம்தான் முக்கியம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் பிஎஸ்பி வைத்திருந்த யாரும் ஃபான்டுக்காக அதைத் திறக்கவில்லை.

கொள்ளிடக்கரை (திருவையாறு):

அதையும் மறுக்கவில்லை. ஆனால் கேம் திருடியவனுக்கு ஃபர்ம்வேரை டிகிரிப்ட் செய்ய வேண்டிய தேவையே இல்லை, யாரோ செய்து வைத்த கஸ்டம் ஃபர்ம்வேரைப் போட்டுவிட்டுப் போனான். இந்தக் கருவிகளோடு உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள். நிரல் துண்டுகளில் செயற்கூறுகளின் பெயர்கூட இருக்காது, பெயரை ஷா-1 என்ற கணக்கீட்டில் போட்டு வரும் எண்ணின் முதல் நான்கு பைட் மட்டும்தான் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து இது என்ன பெயராக இருக்கும் என்று சொல் சொல்லாகப் போட்டு ஊகித்து, பல வருடம் பட்டியல் சேர்த்தார்கள். இன்றைக்குப் பிபிஎஸ்எஸ்பிபி ஃபர்ம்வேர் கோப்பு கேட்காமல் ஓடுகிறது என்றால் அந்த வேலையால்தான். ஃபர்ம்வேர் செய்ததை அவர்கள் திரும்பச் சொந்தமாக எழுதியிருக்கிறார்கள், எழுத்துருவுக்குக்கூடச் சொந்த மாற்று வைத்திருக்கிறார்கள்.

நெல்மணி (திருவாரூர்):

நடுவில் புகுந்து கேட்கிறேன், நிண்டெண்டோ டிஎஸ், 3டிஎஸ் எல்லாம் இதே மாதிரிதானா? தம்பியிடம் ஒரு 3டிஎஸ் இருக்கிறது.

டிகிரிகாபி (கும்பகோணம்):

இதே மாதிரி இல்லை. ஜிபிஏவில் (கேம் பாய் அட்வான்ஸ்) 16 கேபி பயாஸ் என்ற தொடக்க நிரல், பூட்டே கிடையாது, வெளியிலிருந்து படிக்க விடாமல் தடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். டிஎஸ்ஸில் ஃபர்ம்வேருக்கு ப்ளோஃபிஷ் என்ற குறியாக்கப் பூட்டு, சாவி பயாஸில். 3டிஎஸ்ஸில் சாவிகளின் பெரும்பகுதி பூட் ராமின் மறைக்கப்பட்ட பாதியில் இருந்தது. 2017இல் பூட்9ஸ்ட்ராப் என்ற ஹேக் வந்ததும் கதை முடிந்தது. இப்போது காட்மோட்9 என்ற ஹோம்ப்ரூ மெஷினிலேயே எல்லாவற்றையும் திறந்து காட்டும். விரிவாக வேண்டுமென்றால் தனி இழை தொடங்குங்கள், இங்கே பிஎஸ்பி ஓடட்டும்.

குறுவை2004 (மன்னார்குடி):

வந்துவிட்டது! பிஎஸ்பிடிகிரிப்ட் ஒரே ஓட்டத்தில் பிரித்துக் கொடுத்தது. கேடி, விஎஸ்எச், ஃபான்ட், டிக், டேட்டா என்று கோப்புறைகள். கேடி கோப்புறையில் ஒரே பெயரில் 01ஜி, 02ஜி, 03ஜி என்று வால் மாற்றிப் பல கோப்புகள் இருக்கின்றன. அது மாடல் வாரியாகவா?

ஃபான்ட் கோப்புறையில் எல்டிஎன்0 முதல் எல்டிஎன்15 வரை பதினாறு, அப்புறம் ஜேபிஎன்0, கேஆர்0. இவை பிஜிஎஃப் என்று முடிகின்றன. லத்தீன், ஜப்பான், கொரியா. தமிழ் எதிலும் இல்லை. இந்தியா பக்கம் அவர்கள் பார்வை திரும்பவே இல்லை போல. எதில் திறப்பது இந்த பிஜிஎஃப்பை?

கொள்ளிடக்கரை (திருவையாறு):

ஆமாம், 01ஜி என்றால் 1000, 02ஜி என்றால் 2000, 03ஜி என்றால் 3000. ஒரே அப்டேட் கோப்பு பல மாடலுக்கும் பொதுவாக வருகிறது. எந்த மாடல் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற பட்டியலும் பிசாருக்குள்ளேயே பூட்டிய நிலையில் இருக்கிறது. கருவி அந்தப் பட்டியலைத் திறந்துதான் உனக்குப் பெயர்களைக் கொடுத்திருக்கிறது, இல்லாவிட்டால் வெறும் எண்களாகத்தான் பார்த்திருப்பாய்.

பிஜிஎஃப் பற்றி. அது நம் கணினி எழுத்துரு மாதிரி கோடுகளால் ஆனது இல்லை, ஒவ்வொரு எழுத்தும் ஒரு சிறு படம். புள்ளி ஒன்றுக்கு நான்கு பிட், அதாவது பதினாறு சாயல். ஒரே சாயல் தொடர்ந்து வந்தால் எத்தனை முறை என்று எண்ணைப் போட்டுச் சுருக்கியிருப்பார்கள். சில எழுத்து கிடைவாக்கில், சில நெடுக்கில், எது சிறியதாக வருகிறதோ அப்படி. தலைப்பில் முதல் எழுத்தின் எண், கடைசி எழுத்தின் எண், எந்த எண்ணுக்கு எந்தப் படம் என்ற அட்டவணை. பிபிஎஸ்எஸ்பிபி மூலநிரலில் இதைப் படிக்கும் பகுதி தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது, அதைப் பார்த்துப் பைத்தானில் எழுதிவிடலாம்.

பாமினிவிரல் (கும்பகோணம்):

நான் கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் டைப் செட்டிங். கேம் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் ஒரு எழுத்துக்கு ஒரு படம் என்று படித்ததும் சொல்லத் தோன்றியது. தம்பி, அந்தக் கோப்பில் யூனிகோடு தமிழ் எண்களுக்குப் படம் வரைந்து வைத்தாலும் உங்கள் அப்பாவால் படிக்க முடியாது.

யூனிகோடில் ‘தெ’ என்று சேமித்தால் முதலில் த, பிறகு ஒற்றைக்கொம்பு. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவருவது எழுத்துருவும் மென்பொருளும் சேர்ந்து செய்யும் வேலை. ‘தோடி’யை எடுத்துக்கொள்ளுங்கள். த, அதன் பின் ஓகாரக் குறி ஒரே எண்ணாக. அது த-வுக்கு முன்னால் ஒரு துண்டும் பின்னால் ஒரு துண்டுமாகப் பிரியணும். ‘டி’, ‘டு’ எல்லாம் மெய்யோடு ஒட்டி உருவம் மாறணும். உங்கள் மெஷின் எண்ணைப் பார்த்துப் படத்தை வரிசையாக அடுக்கும் என்றால், கொம்பு பின்னால் போய் நிற்கும், டு-வுக்கு ட ஒன்று, தனியாக ஒரு சுழி ஒன்று.

நாங்கள் இன்னும் பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவை விடாமல் இருப்பது ஏன் என்று நினைக்கிறீர்கள்? பழைய அச்சு மென்பொருளுக்கும் இந்த அடுக்கும் வேலை தெரியாது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிக்கிறோம், கொம்பு முதலில், எழுத்து பிறகு. அது அப்படியே அச்சாகும்.

குறுவை2004 (மன்னார்குடி):

அக்கா, நான் இதை யோசிக்கவே இல்லை. அப்படியென்றால் எல்டிஎன்0இல் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் பாமினிப் படங்களை வைத்து, பாட்டுப் பெயரைப் பாமினியில் அடித்துவிடலாமா?

பாமினிவிரல் (கும்பகோணம்):

அடிக்கலாம். அப்புறம் உங்கள் மெஷினில் ‘மியூசிக்’, ‘செட்டிங்ஸ்’ என்ற ஆங்கில மெனு எல்லாம் யாருக்கும் புரியாத தமிழாகிவிடும். எங்கள் கடைக்கு மின்னஞ்சலில் வரும் பாதி பத்திரிகை வாசகம் அந்தக் கோலத்தில்தான் வருகிறது.

வேறு வழி சொல்கிறேன். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு சேர்த்து டேஸ்16 என்று ஒரு குறியீட்டையும் ஏற்றது. அதில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். க் ஒன்று, க ஒன்று, கா ஒன்று, கோ ஒன்று. முன்பின் மாற்றும் வேலையே கிடையாது, எண்ணுக்கு ஒரு படம் போதும். அந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருப்பதால் ஆங்கிலத்தோடு மோதாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் அதற்கான எழுத்துருக்களையும் இலவசமாக வெளியிட்டது. அச்சுத் தொழிலில் அது பெரிதாகப் பரவவில்லை, ஆனால் உங்கள் மெஷினுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

கொள்ளிடக்கரை (திருவையாறு):

அக்கா, மூன்று பக்கமாக நான் எழுதியதைவிட இது பெரிய உதவி. டேஸ்16இல் இன்னொரு வசதியும் உண்டு. பதினாறடிமான எண்ணில் கடைசி இலக்கம் உயிரைக் காட்டும், அதற்கு முந்தையவை மெய்யை. அதனால் பெரிய அட்டவணை தேவையில்லை, மெய்யின் எண்ணோடு உயிரின் எண்ணைக் கூட்டினால் உயிர்மெய் வந்துவிடும்.

தம்பி, இப்போது என் கருத்து. ஃப்ளாஷ்0ஐத் தொடவே வேண்டாம். பிஎஸ்பி மெனுவைத் திருத்துவதற்குப் பதில், பாட்டுகளைப் பட்டியலிட்டுப் போடும் சின்ன ஹோம்ப்ரூ ஒன்று எழுது. இன்ட்ராஃபான்ட் என்று ஒரு நூலகம் இருக்கிறது, பிஜிஎஃப் எழுத்துருவைப் படித்துத் திரையில் எழுதும், யூடிஎஃப்-8 வடிவில் உள்ள யூனிகோடு உரையை ஏற்கும். பெரும்பாலும் ஃப்ளாஷ்0இல் இருக்கும் எழுத்துருவைத்தான் அதற்குக் காட்டுவார்கள். நீ மெமரி ஸ்டிக்கில் இருக்கும் உன் எழுத்துருவைக் காட்டு. கோப்புகளின் பெயர் யூனிகோடிலேயே இருக்கட்டும், எழுதும் தருணத்தில் நிரல் டேஸ்16க்கு மாற்றிக்கொள்ளும். நீ டிகிரிப்ட் செய்து எடுத்த எல்டிஎன்0, உன் பிஜிஎஃப் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி. அதற்கு மேல் அதை எங்கேயும் வைக்க வேண்டாம்.

இதற்குக் கஸ்டம் ஃபர்ம்வேரும் வேண்டாம். சாவிகள் வெளியே வந்த பிறகு ஹோம்ப்ரூவையும் கையொப்பமிட முடிகிறது. இப்போதைய பிஎஸ்பி நிரலாக்கக் கட்டில் அதற்கான வசதி உண்டு. பயனர் நிலையில் ஓடும் எளிய நிரல் என்றால் அதிகாரபூர்வ 6.61இலேயே திறக்கும்.

உப்பளம் (வேதாரண்யம்):

இந்த வழிக்கு என் முழு ஓட்டு. தப்பாகப் போனாலும் மெமரி ஸ்டிக்கைக் கழற்றிக் கோப்பை அழித்தால் தீர்ந்தது. எனக்கு ஒரு வருமானம் போச்சு, பரவாயில்லை.

குறுவை2004 (மன்னார்குடி):

புது பேட்டரி வந்துவிட்டது, டெர்மினலைத் துடைத்துப் போட்டேன். நிரலும் ஓடுகிறது. திறந்தவுடன் பட்டியல் தமிழில் வருகிறது, ஆங்கிலமும் பக்கத்திலேயே ஒழுங்காக நிற்கிறது. முதலில் ‘கொ’, ‘கோ’ வரிசை மட்டும் சில பாட்டுகளில் தப்பாக வந்தது. பார்த்தால், அந்தக் கோப்புகள் அண்ணன் மேக் கணினியிலிருந்து வந்தவை. அதில் ஓகாரக் குறி ஒரே எண்ணாக இல்லாமல் இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரண்டையும் முதலில் ஒட்டிவிட்டுப் பிறகு மாற்றும்படி செய்ததும் சரியாகிவிட்டது. அக்காவுக்கும் அண்ணனுக்கும் பெரிய நன்றி.

அப்பா பார்த்துவிட்டு, எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும், ராகத்தின் பெயர் முன்னால் வர வேண்டும், வாசித்தவர் பெயர் பிறகு போதும் என்கிறார். இன்ட்ராஃபான்டில் பெரிதாக்கினால் ஓரமெல்லாம் மங்கலாகிறது.

கொள்ளிடக்கரை (திருவையாறு):

படத்தை இழுத்தால் மங்கத்தான் செய்யும். பிஜிஎஃப் உண்டாக்கும்போதே பெரிய அளவில் வரைந்துவிடு. திரை 480க்கு 272, வரிக்கு 30 புள்ளி கொடுத்தால் ஒன்பது பாட்டு தெரியும், அப்பாவுக்கு அது போதும் என்று நினைக்கிறேன். முன்னூற்றுச் சொச்சம் படங்கள்தான், 2000இல் 64 எம்பி நினைவகம் இருக்கிறது, இடம் ஒரு பொருட்டே இல்லை.

நெல்மணி (திருவாரூர்):

3000த்திலும் ஓடுமா? எங்கள் வீட்டிலும் ஒன்று தூங்குகிறது. தேவார ஒலிப்பதிவுகள் போட வேண்டும்.

குறுவை2004 (மன்னார்குடி):

6.61 இருந்தால் ஓடணும். என் நிரலையும் மூலத்தையும் மட்டும் பதிவேற்றுகிறேன், சோனியின் கோப்பு எதுவும் அதில் இருக்காது. எழுத்துருவை நீங்களே கல்விக்கழகத்தின் எழுத்துருவிலிருந்து உண்டாக்கிக்கொள்ளணும், அதற்கான பைத்தான் நிரலும் கூடவே இருக்கும்.

பாமினிவிரல் (கும்பகோணம்):

எழுத்துருவின் உரிம விவரத்தையும் அந்தக் கட்டில் சேர்த்து வையுங்கள் தம்பி. அப்புறம் ‘ஸ்ரீ’ வருகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். பத்திரிகையில் எப்போதும் மாட்டிக்கொள்வது அதுதான்.

குறுவை2004 (மன்னார்குடி):

பார்த்தேன் அக்கா, வரவில்லை. ஸ்ரீராகம் என்ற பாட்டு ‘ஸ்’, ‘ரீ’ என்று பிரிந்து நிற்கிறது. அதற்கு டேஸ்16இல் தனி எண் உண்டு அல்லவா? மாற்றும் பகுதியில் ஒரு விதி சேர்த்துவிட்டு இன்று இரவே ஏற்றுகிறேன்.